தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளுக்கு என்ன கொடுப்பது? அட்டைப்பெட்டியா, எவர்சில்வர் டப்பாவா?

புதுக்குடித்தனம் | அக்டோபர் 4, இரவு 10:12

மேடவாக்கத்தில் முப்பத்திரண்டு வீடுகள் உள்ள அடுக்ககம். நாங்கள் இரண்டாவது மாடி. குடிவந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. எங்கள் தளத்தில் எட்டு வீடுகள். அவற்றில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது போன மாதம்தான் உறைத்தது.

இரவு பதினொன்றரைக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரும் ஓடவில்லை. மாமியாருக்கு மூச்சிரைப்பு, நெபுலைசருக்கு மின்சாரம் வேண்டும். கணவர் ஊரில் இல்லை. எதிர்வீட்டு அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே நின்றேன். மின்சாரம் இல்லாமல் மணி எப்படி அடிக்கும் என்பதுகூடப் புத்தியில் ஏறவில்லை. பிறகு கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் நாலு விரல் அகலம் திறந்து, "எந்த வீடு?" என்றார் ஒருவர். "இருநூற்று மூன்று" என்றேன். பெயரைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

நல்ல மனிதர். அவரும் அவர் மகனும் சேர்ந்து மாமியாரை நாற்காலியோடு கீழே இறக்கி, தங்கள் காரிலேயே மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்கள். ஆனாலும் அந்த "எந்த வீடு?" காதிலேயே நிற்கிறது.

எங்கள் எல்லோரையும் இணைப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் இரண்டே பேச்சு: தண்ணீர் லாரி, யார் வண்டி யார் இடத்தில் நிற்கிறது.

தீபாவளி 20ஆம் தேதி. கடையில் கால் கிலோ இனிப்புப் பெட்டிகள் முப்பத்தொன்று வாங்கி, வாழ்த்து அட்டையோடு எல்லார் கதவிலும் மாட்டிவிடலாமா என்று பார்க்கிறேன். "தேர்தலில் நிற்கப்போகிறாயா?" என்கிறார் கணவர். இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

---

வெண்கலப்பானை | அக்டோபர் 5, காலை 6:40

முப்பத்தொரு பெட்டியை விட்டுவிடு அம்மா. கதவில் மாட்டுகிற பெட்டிக்கும் பால் பாக்கெட்டுக்கும் என்ன வித்தியாசம்? எடுப்பார்கள், தின்பார்கள், பெட்டியைக் குப்பையில் போடுவார்கள். அதோடு கதை முடிந்தது. குழுவில் ஒரு கைகூப்பு பொம்மை வரும்.

உன் தளத்தில் மற்ற ஏழு வீட்டுக்கு மட்டும் கொடு. எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடு. உன் டப்பாவில். ஏனென்றால் டப்பா திரும்பி வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவர அவர்கள் உன் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வெறும் டப்பாவாக யாரும் கொண்டுவரமாட்டார்கள். எங்கள் அம்மா, வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில்கூட ஒரு பிடி சர்க்கரை, அதுவும் இல்லாவிட்டால் கொல்லைக் கறிவேப்பிலை ஒரு கொத்து போட்டுத்தான் பாத்திரத்தைத் திருப்பி அனுப்புவாள். அந்தப் பக்கத்திலும் அப்படித்தான். யார் முதலில் கொடுத்தார்கள் என்பதே நாலு வருடத்தில் மறந்துபோகும்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்கு என்று நினைக்கிறாய்? கடையில் வாங்கியதுமே "என்ன பெயர் போடணும்?" என்று கேட்டு, சின்ன உளியும் சுத்தியலுமாகப் புள்ளி புள்ளியாய்க் கொத்திக் கொடுப்பான். இப்போது கரகரவென்று ஒரு மின்கருவி. சீர்வரிசைக்கும் கல்யாணப் பரிசுக்கும்தான் பெயர் வெட்டுவார்கள் என்று சின்னவர்கள் நினைக்கிறார்கள். பாத்திரம் தெரு முழுக்கச் சுற்றும், அதனால் வெட்டினோம்.

மாமியார் இப்போது எப்படி இருக்கிறார்?

---

புதுக்குடித்தனம் | அக்டோபர் 5, காலை 9:05

தேறிவிட்டார் அம்மா. நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அந்த அம்மாள் சொல்வதைக் கேள்" என்றார். அவரிடம் பெயர் வெட்டிய டப்பாக்கள் பன்னிரண்டு இருக்கின்றனவாம், பரணில்.

---

கடைசிவண்டி | அக்டோபர் 5, மாலை 4:31

எதிர்த்தரப்பிலிருந்து ஒரு குரல். கோபிக்காதீர்கள்.

நான் தனியாக இருப்பவன். இரவுப் பணி. போன தீபாவளிக்கு மேல்வீட்டு அம்மா ஒரு டப்பா நிறைய ரிப்பன் பக்கோடாவும் ரவா லட்டும் கொடுத்தார். அருமையாக இருந்தது. இரண்டே நாளில் காலி. பிறகு தொடங்கியது வினை.

வெறும் டப்பாவாகத் திருப்பக் கூடாது என்று என் அம்மாவும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறாள். எனக்குச் சமைக்கத் தெரியாது. கடையில் வாங்கிப் போடலாம். ஆனால் அவ்வளவு ருசியானதற்குப் பதில் கடைச் சரக்கா என்று ஒரு கூச்சம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன். ஞாயிறுகள் போயின. பொங்கல் வந்தது. அதற்குப் பிறகு கொண்டுபோனால் "இத்தனை நாளாகவா?" என்று நினைப்பாரே என்று இன்னும் தள்ளினேன். இப்போது அவர் லிப்டில் வருவதைப் பார்த்தால் நான் படியில் இறங்குகிறேன். ஆறாவது மாடியிலிருந்து. அந்த டப்பா என் அலமாரியில் சாமிபடம்போல உட்கார்ந்திருக்கிறது.

அன்பளிப்பு என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கடன் பத்திரம். அட்டைப்பெட்டி கொடுத்திருந்தால் நானும் அந்த அம்மாவும் இன்றைக்குப் பேசிக்கொண்டிருப்போம்.

---

தாமரைக்குளம் | அக்டோபர் 5, மாலை 5:02

ஆறு மாடி இறங்குகிறவர் உடம்புக்கு அந்த டப்பா நல்லதுதான் செய்திருக்கிறது.

---

வெண்கலப்பானை | அக்டோபர் 5, மாலை 6:15

தம்பி, அந்த அம்மாளுக்கு டப்பா இல்லாதது நினைவிருக்கும். உன்மேல் கோபம் இருக்காது. அரை கிலோ கடலை உருண்டை வாங்கிப் போட்டுக் கொண்டுபோ. "எனக்குச் சமைக்கத் தெரியாது, அதனால்தான் இத்தனை நாள்" என்று உள்ளதைச் சொல். மிச்சத்தை அவர் பேசிக்கொள்வார்.

---

ஈசூன்வாசி | அக்டோபர் 5, இரவு 8:47

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். கடைசிவண்டி சொல்லும் சங்கடத்துக்கு எங்கள் சீன அண்டைவீட்டார் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

வீவக எனப்படும் அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் ஒரே இனத்தவர் ஒரே புளோக்கில் குவியக் கூடாது என்று 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. அதனால் எங்கள் பக்கத்து வீடு சீனர், அதற்கடுத்தது மலாய்க்காரர். பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அரசாங்கம் பக்கத்தில் குடிவைக்கும், பேசவைக்க முடியாது. எதிரெதிர்க் கதவாகப் பத்து வருடம் இருந்துவிட்டு ஒரு தலையசைப்போடு நிற்கிறவர்களும் உண்டு.

சீனப் புத்தாண்டுக்கு ஒருவர் வீட்டுக்குப் போனால் இரண்டு மாண்டரின் ஆரஞ்சுப் பழங்களை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். கேன்டனீஸ் மொழியில் அந்தப் பழத்தின் பெயரும் தங்கம் என்ற சொல்லும் ஒரே ஒலி. புறப்படும்போது வீட்டுக்காரரும் இரண்டு ஆரஞ்சு கொடுப்பார். வேறு இரண்டு பழம், ஆனால் அதே பழம்தான். கணக்கு வாசலிலேயே நேராகிவிடுகிறது; சமைக்கத் தெரிய வேண்டியதில்லை, யார் கொடுத்தது உசத்தி என்ற பேச்சும் இல்லை. முதல் வருடம் எனக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த இரண்டையும் வாங்கிக்கொண்டு "நன்றி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். அடுத்த வருடம் அவர் பேரன் வந்து, பாட்டிக்குத் தெரியாமல், காதோடு சொல்லிக் கொடுத்தான்.

தீபாவளிக்கு நாங்கள் முறுக்கு கொடுப்போம். பாட்டிக்குப் பால்மாவு டின்னில் போட்டுக் கொடுத்தேன். டின்னைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதில் செடி வைத்து நடைவழியில் எங்கள் இரண்டு கதவுக்கும் நடுவே வைத்துவிட்டார். அதற்கு இரண்டு வீட்டாரும் தண்ணீர் ஊற்றுகிறோம்.

மலாய்க் குடும்பத்தாரிடம் முதலிலேயே கேட்டுவிட்டேன். ஹலால் முத்திரை உள்ள பாக்கெட்டா, வீட்டில் செய்ததா, எது வசதி என்று. வெளிப்படையாகக் கேட்டது அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் வீட்டு அன்னாசிப்பழ டார்ட் எங்களுக்கு வருகிறது.

---

தூக்குவாளி | அக்டோபர் 5, இரவு 11:20

திருவல்லிக்கேணியில் நாங்கள் இருந்த சந்தில், ரமலான் மாதம் முழுக்க அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு நான்தான் பக்கத்து வீட்டு மாமியின் தூக்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் வரிசையில் நிற்பேன். நோன்புக் கஞ்சி யார் கேட்டாலும் ஊற்றுவார்கள். நோன்பு வைத்தவர்தானா என்று கேட்பதில்லை. "இன்றைக்குக் கறி போட்டதா, போடாததா?" என்று மாமி மாடியிலிருந்து குரல் கொடுப்பார். கறி போட்ட நாளில் மாமாவுக்கு மட்டும் கிடையாது.

தீபாவளிக்கு அதே தூக்கில் அதிரசம் வரும். எண்ணெய் ஒட்டிய தூக்கை உம்மா புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள். உள்ளே இரண்டு பேரீச்சம்பழம் இருக்கும்.

சாப்பிடுவார்களா மாட்டார்களா என்று மனதுக்குள் ஊகம் செய்யாதீர்கள் என்பதுதான் என் ஒரே யோசனை. வாசலில் நின்று கேட்டுவிடுங்கள்.

---

நிலைக்கதவு | அக்டோபர் 6, காலை 7:58

எல்லாம் இனிப்பாகவே போகிறது. கொஞ்சம் கசப்பையும் பதிவு செய்கிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன், வேறு ஊரில், குடிபோன புதிது. பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை எதிர்வீட்டில் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். "நீங்கள் எந்த ஊர்? அப்பா என்ன செய்கிறார்? குலதெய்வம் எது?" என்று மூன்று கேள்வி. எதற்குக் கேட்கிறார்கள் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பதில் சொன்னேன். மாலையில் குப்பை கொட்டப் போனபோது நீல வாளியில் என் பொங்கல் அப்படியே கிடந்தது. முந்திரிப்பருப்பு மேலே தெரிந்தது. பாத்திரம் வாசலில் இருந்தது, நன்றாகக் கழுவி, கவிழ்த்து. உள்ளே ஒன்றும் இல்லை.

"வெறும் பாத்திரமாக வராது" என்கிறீர்கள். வந்தது.

அந்தக் காலத்தில் தெருவே ஒரு குடும்பம் என்று எழுதுகிறவர்கள், யார் வீட்டுக்குச் சமைத்தது போயிற்று, யார் வீட்டுக்கு வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் மட்டும் போயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தத் தெருவுக்குள்ளேயே வராதவர்கள் யார் என்பதையும்.

---

வெண்கலப்பானை | அக்டோபர் 6, மதியம் 1:10

நிலைக்கதவு, மறுத்துப் பேச எனக்கு வாய் இல்லை. கறிவேப்பிலை போட்டுப் பாத்திரம் அனுப்பினாள் என்று பெருமையாக எழுதினேனே, அதே அம்மா கொல்லைப்புறத்தில் ஒரு தனித் தம்ளரும் வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்து வளர்ந்தவள். பெயர் வெட்டாத ஒரே பாத்திரம் அதுதான். நேற்று எழுதும்போது அது எனக்கு நினைவு வரவே இல்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

---

நிலைக்கதவு | அக்டோபர் 6, மதியம் 2:26

இதை எழுதியதற்கு நன்றி அம்மா. நான் கொடுப்பதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீடு மாறினேன். இப்போதைய வீட்டில் பொங்கலைப் பொதுவில் மொட்டைமாடியில் வைக்கிறோம், எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில். யார் வீட்டுப் பொங்கல் என்று பிரிக்க முடியாது பாருங்கள்.

---

மரப்பாச்சி | அக்டோபர் 6, மாலை 5:45

பண்டிகையின் பெயரால் பக்கத்து வீட்டாரை அழைப்பதில் யாரை நாம் வெளியே நிறுத்துகிறோம் என்பது எங்கள் வீட்டிலும் நடந்தது. இது கொலு விஷயம். மூன்று நாளைக்கு முன்புதான் பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன், எழுதாவிட்டால் மறந்துபோகும்.

ஐந்து படி வைக்கிறோம். தளத்தில் இருக்கிற எல்லாப் பெண்களையும், பிள்ளைகளையும் அழைப்பேன். எதிர்வீட்டு அம்மாவின் கணவர் 2021இல் கொரோனாவில் போனார். அந்த வருட நவராத்திரிக்கு மருமகளை மட்டும் அனுப்பினார். சுண்டலை எடுத்துக்கொண்டு நானே போனேன். வாங்கிக்கொண்டார். தட்டில் இருந்த குங்குமச்சிமிழை மட்டும் விரலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "இது எனக்கு எதற்கம்மா?" என்றார். அந்த விரல் தள்ளிய விதம் எனக்குத் தூக்கம் தரவில்லை.

அடுத்த வருடம் "வாருங்கள்" என்று அழைக்கப் போகவில்லை. "எனக்கு ஒரு கை குறைகிறது" என்று போனேன். செட்டியார் கடை தெரியுமல்லவா? தொப்பை செட்டியாரும் செட்டிச்சியும் உட்கார்ந்திருக்க, முன்னால் மளிகைச் சாமான் பரப்ப வேண்டும். அந்தக் குட்டித் தட்டுகளில் துவரம்பருப்பு, மிளகு, கிராம்பு, வெல்லத்துண்டு என்று நிரப்பி வைக்க எனக்குப் பொறுமை கிடையாது. அவர் நாற்பது வருடம் பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் வாழ்ந்தவர். உட்கார்ந்தார். என்னுடைய தட்டுகளைக் கொட்டிவிட்டு, "கடையில் மிளகையும் கிராம்பையும் வெளியே பரப்பமாட்டார்கள், விலை ஜாஸ்தி, உள்பக்கம் வை" என்று மொத்தக் கடையையும் மாற்றினார். பழைய மருந்து மாத்திரை மூடியைத் தராசுத் தட்டாக்கினார். கொலுவுக்கு வந்தவர்களிடம் செட்டியார் கடையைப் பற்றி விளக்கம் சொன்னது அவர்தான். விருந்தாளியாக வரத் தயங்கியவர் வீட்டுக்காரராக வந்து உட்கார்ந்தார்.

குங்குமம், வெற்றிலை, பாக்கு எல்லாவற்றையும் இப்போது வாசல் பக்க மேசையில் வைத்துவிடுகிறேன். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். என் மாமியாருக்கு இதில் சம்மதம் இல்லை. ஒன்பது நாளும் முணுமுணுத்துக்கொண்டேதான் இருப்பார். இருக்கட்டும்.

---

சின்னவெங்காயம் | அக்டோபர் 6, இரவு 9:30

தலைப்பை விட்டு விலகுவதற்கு மன்னிக்கவும். நாற்பது பேருக்குச் சுண்டலுக்கு எவ்வளவு கொண்டைக்கடலை?

---

மரப்பாச்சி | அக்டோபர் 6, இரவு 9:41

ஒன்றேகால் கிலோ போதும். ஊறினால் இரண்டு பங்காகும். முதல் நாள் இரவே ஊறவையுங்கள். உப்பு வெந்த பிறகு.

---

வடசேரிக்காரி | அக்டோபர் 7, காலை 11:15

மரப்பாச்சி சொன்ன "ஒரு கை குறைகிறது" என்பதைப் படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பண்டிகைக்குப் பலகாரம் கொடுப்பதைவிட, பலகாரம் செய்யக் கூப்பிடுவதுதான் ஆட்களைச் சேர்க்கும்.

நாகர்கோவில் பக்கம் முந்திரிக்கொத்து செய்வோம். இந்துக்கள் தீபாவளிக்கு, கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸுக்கு, எல்லாரும் கல்யாணத்துக்கு. பெயரில்தான் முந்திரி. சிறுபயற்றை வாசம் வர வறுத்து, உடைத்து, தோல் புடைத்து, ரவைப் பதத்தில் திரிப்பார்கள். தேங்காய்த் துருவலைச் சிவக்க வறுத்து, எள், ஏலக்காய், சுக்கு எல்லாம் சேர்த்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி ஊற்றிக் கிளற வேண்டும். பிறகு நெல்லிக்காய் அளவு உருண்டை. அந்த உருண்டைகளை மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி, கொத்தாக எண்ணெயில் விட வேண்டும். இரண்டு வாரம் கெடாது.

இதில் சூட்சுமம் உருட்டுவதில் இருக்கிறது. பாகு சூடாக இருக்கும்போதே உருட்டியாக வேண்டும். ஆறிவிட்டால் மாவு உதிரும், பிடித்தால் நிற்காது. நான்கு படிப் பயறு போட்டால் முந்நூறு, நானூறு உருண்டை. எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் ஒருத்தியால் ஆறுவதற்குள் உருட்ட முடியாது. கை சுடும். அதனால் "நாளைக்குக் கொத்துப் போடுகிறோம்" என்று அம்மா சொன்னாலே, அடுத்த நாள் மூன்று வீட்டுப் பெண்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக்கு அன்று என்றால் மேரியக்கா வீட்டுக்கு டிசம்பர் இருபதை ஒட்டி. அங்கே கொத்தோடு அச்சுமுறுக்கும் உண்டு. அந்த வட்டத்தில்தான் ஊர்க்கதை முழுக்க வெளியே வரும். வாய் பேசும், கை நிற்காது, யாரும் எழுந்து போகவும் முடியாது. மாவு ஆறிவிடுமே!

வேளச்சேரிக்கு வந்தபின் ஒருத்தியாக அரைப்படி போட்டுப் பார்த்தேன். பாதி உதிர்ந்தது. அந்த உதிர்ந்த மாவை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், "இதை என்ன செய்வது?" என்று கேட்டேன். அவர் திண்டுக்கல்காரர், முந்திரிக்கொத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. கொஞ்சம் நெய் விட்டுப் பிடித்துக் கொடுத்தார். இப்போது பதினோரு வருடச் சிநேகம்.

புதுக்குடித்தனம், ஏழு வீட்டுக்குக் கொடுக்கும் முன்னால் ஒரு வீட்டில் எதையாவது இரவல் கேளுங்கள். முறுக்கு உரல் கேளுங்கள். உங்களிடம் இருந்தாலும் பரவாயில்லை, இல்லை என்று சொல்லுங்கள்.

---

கடைசிவண்டி | அக்டோபர் 7, மாலை 3:50

இது எனக்குப் புரிகிறது. வாங்கிக்கொள்வது சுமை. உதவி கேட்டால் வந்துவிடுவேன். எனக்கு மாவு பிழியக் கை வலு இருக்கிறது, யாரும் கேட்டதில்லை.

---

தாமரைக்குளம் | அக்டோபர் 7, மாலை 4:20

நடைமுறை யோசனை ஒன்று. தீபாவளியன்று காலையில் கொடுக்காதீர்கள். அன்றைக்கு எல்லார் வீட்டிலும் இனிப்பு வழிந்துகொண்டிருக்கும். எட்டாவது மைசூர்பாகுக்கு என்ன மரியாதை? ஒன்று, இரண்டு நாள் முன்னதாகக் காரம் கொடுங்கள். இல்லையென்றால் கார்த்திகைவரை பொறுத்துப் பொரி உருண்டை கொடுங்கள். கார்த்திகைக்கு இப்போதெல்லாம் யாரும் யாருக்கும் ஒன்றும் கொடுப்பதில்லை. தனியாகத் தெரியும்.

---

புதுக்குடித்தனம் | அக்டோபர் 22, இரவு 9:18

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முறுக்கு உரல் என்னிடம் உண்மையிலேயே இல்லை. மாமியாருடையது ஊரில் இருக்கிறது. 17ஆம் தேதி இருநூற்று ஏழாம் எண் வீட்டில் கேட்டேன். ஏன் ஏழு என்றால், எப்போதும் வாசலில் கோலம் இருக்கும். அந்த அம்மா பித்தளை உரல் ஒன்றை எடுத்துக்கொண்டு, கூடவே அவரும் வந்துவிட்டார். "இதற்குக் கைப்பழக்கம் வேண்டும், உடைத்துவிடுவாய்" என்றார். பித்தளையை நான் எப்படி உடைப்பது? நான் பிசைந்த மாவைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்து, "வெண்ணெய் போதாது" என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் என் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மாமியார் அன்றைக்குத்தான், மருத்துவமனையிலிருந்து வந்தபின் முதல்முறையாக, சமையலறையில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே வயது. எனக்கு எதிரே என் மாவைப் பற்றியே பேசினார்கள்.

18ஆம் தேதி மழையில் ஏழு வீட்டுக்கும் ஏழு டப்பா. தேன்குழலும் ஓமப்பொடியும். ஒவ்வொரு வாசலிலும் முதலில் என் பெயரைச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், அன்றைக்குச் சங்கிலிக்குப் பின்னால் நின்றவர், "தெரியுமே, மாமியாருக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்கு என் பெயர் தெரிந்திருந்தது. மருத்துவமனைப் படிவத்தில் நான் எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். எனக்குத்தான் அவர் பெயர் தெரியவில்லை. கேட்டுக்கொண்டேன்.

இருநூற்று ஐந்தில் கதவே திறக்கவில்லை. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவைக் கைப்பிடியில் மாட்டவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுவரை மூன்று டப்பாக்கள் திரும்பியிருக்கின்றன. ஒன்றில் பாதாம் கேக். ஒன்றில் ஆறு எலுமிச்சம்பழம், அவர்கள் ஊர்த் தோட்டத்திலிருந்து. ஒன்று வெறுமையாக வந்தது. நீட்டியது எட்டு வயதுப் பையன், "அம்மா நன்றி சொல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாமியாருக்குத்தான் முகம் சுருங்கியது.

---

கடைசிவண்டி | அக்டோபர் 23, மதியம் 12:05

என் பக்கத்துச் செய்தி: கடலை உருண்டையோடு போனேன். அந்த அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையா தேடிக்கொண்டிருந்தேன்? இது என்னுடையதே இல்லையே, என் தங்கை வீட்டு டப்பா" என்றார். பதினோரு மாதம் நான் படியில் இறங்கியது யாருக்காக என்று தெரியவில்லை. அன்றைக்கே புது டப்பாவில் மிக்ஸர் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுபடியும் ஆரம்பம்.

---

வெண்கலப்பானை | அக்டோபர் 23, மாலை 6:30

இந்தத் தடவை பொங்கல்வரை இழுக்காதே தம்பி.

---

புதுக்குடித்தனம் | அக்டோபர் 26, காலை 8:50

இருநூற்று ஐந்தில் இருப்பது வயதானவர் ஒருவர் மட்டும். காது கேட்பதில்லை, அதனால்தான் தொலைக்காட்சிச் சத்தம். இருநூற்று ஏழு அம்மா சொல்லித்தான் தெரிந்தது. மாலை ஆறு மணிக்கு அவர் நடக்க வெளியே வரும்போது கையில் கொடுத்தேன்.

இப்போது ஒரு சிக்கல். நேற்று இரவு எங்கள் வாசலில் யாரோ ஒரு டப்பா வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே சோமாசி, ஒன்பது. இன்னும் மொறுமொறுப்பாக இருக்கிறது. டப்பா எங்களுடையது இல்லை. அடியில் "ப.ல. 9.9.83" என்று புள்ளி எழுத்தில் வெட்டியிருக்கிறது. தளத்தில் ஏழு வீட்டிலும் கேட்டுவிட்டேன். அந்த முன்னெழுத்தில் யாரும் இல்லை. இருநூற்று ஏழு அம்மாவும் மாமியாரும் சேர்ந்து, இது மூன்றாவது மாடியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். வெறும் டப்பாவாக எடுத்துப்போகக் கூடாது என்று அதிரசத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் எட்டு வீடுகள். சாயங்காலம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும்.